சப்பாத்தியும் சிக்கனும் நெஞ்சில் நின்றுவிடுகிறது, வயது 27, எண்டோஸ்கோபி நார்மல். வேறு என்னவாக இருக்கும்?

வைகைக்கரை
எல்லோருக்கும் வணக்கம். மதுரை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. சிகரெட், தண்ணி கிடையாது. இரண்டு வருடமாகவே சாப்பாடு சில நேரம் நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடுகிறது. பரோட்டா, காய்ந்த சப்பாத்தி, சிக்கன், பிரெட், பெரும்பாலும் இவைதான். இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் எல்லாம் ஒழுங்காக இறங்குகின்றன. தண்ணீர், காபியில் பிரச்சினையே இல்லை. ஆனால் ஏதாவது நின்ற பிறகு தண்ணீர் குடித்தால் அந்தத் தண்ணீரும் மேலேயே நின்று வாய்க்குத் திரும்பி வருகிறது.

சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து கை கழுவுகிற இடத்துக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது, விழுங்க முடியவில்லை, துப்பிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கிவிட்டது.

பக்கத்து டாக்டர் கேஸ் என்று அமிலம் குறைக்கிற பான்டாப்ரசோல் மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, முழுசாகப் போகவில்லை. போன வருடம் எண்டோஸ்கோபி எடுத்ததில் 'லேசான காஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை அழற்சி), உணவுக்குழாய் நார்மல்' என்று வந்தது. எடை குறையவில்லை. டென்ஷன்தான் காரணம் என்கிறார்கள். வீட்டில், 'மென்னு தின்னா ஏன் நிக்கப் போவுது' என்கிறார்கள். மனசுதான் இப்படிப் பண்ணுகிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்த வயதில் யாருக்காவது இப்படி இருந்ததா?

பக்கத்து பெஞ்ச்
அதே கேஸ்தான் ப்ரோ. சீரகத் தண்ணி, ஓமத் தண்ணி மாத்தி மாத்தி ஒரு மண்டலம் குடிங்க. எனக்கு அதுல தான் சரியாச்சு.

நைட் டூட்டி
நான் எண்டோஸ்கோபி அறையில் வேலை பார்க்கிற நர்ஸ். பக்கத்து பெஞ்ச் தம்பி, உங்களுக்கு இருந்தது ஏப்பமும் உப்புசமுமாக இருக்கும். அதற்குச் சீரகத் தண்ணீர் குடியுங்கள், நானும் குடிக்கிறேன். சாப்பாடு நடுவழியில் நின்று எச்சில்கூட இறங்காமல் போவது கேஸ் கிடையாது.

வைகைக்கரைக்கு முதலில் ஒரு விஷயம். அடுத்த முறை எச்சிலை விழுங்க முடியாத அளவுக்கு அடைத்து, சீக்கிரம் இறங்கவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். நேராக எண்டோஸ்கோபி வசதி உள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முழு அடைப்பு என்றால் 2 மணி நேரத்துக்குள், தள்ளிப்போனாலும் 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நெறிமுறை. எச்சில் இறங்குகிறது, ஆனால் உணவு அங்கேயே இருக்கிறது என்றால்கூட 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

மீன்முள் சிக்கினால் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்கித் தள்ளுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இங்கே அதைச் செய்யாதீர்கள். அடைப்புக்கு மேல் இன்னொரு அடைப்பு ஏறும், வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகவும் வழியுண்டு. கோலா குடித்தால் கரைந்து இறங்கிவிடும் என்று டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நெதர்லாந்தில் 51 பேரை வைத்துச் சோதித்து 2023 கடைசியில் முடிவை வெளியிட்டார்கள். குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

இன்னொன்று. பேச முடிகிறது, மூச்சு விட முடிகிறது என்றால் சிக்கியது மூச்சுக்குழாயில் இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் பதறிப்போய் முதுகில் குத்த வேண்டியதில்லை.

ஸ்கோப்பி
டிஎம் கேஸ்ட்ரோ, அதாவது வயிறு, குடல் நோய்களுக்கான மேற்படிப்பு, முடிக்கப் போகிறேன். இங்கே யாருக்கும் மருந்து எழுதித் தர மாட்டேன், எப்படி யோசிப்போம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பாதி விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. திடமான உணவு மட்டும் நிற்கிறது, திரவம் இறங்குகிறது என்றால் குழாய் எங்கோ குறுகியிருக்கிறது, அல்லது விரிய மறுக்கிறது. ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் சோறும் சேர்ந்து மக்கர் பண்ணினால் குழாயின் தசையோ நரம்போ சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சில மாதத்துக்குள் முதலில் சப்பாத்தி, அப்புறம் சோறு, அப்புறம் கஞ்சியும் இறங்கவில்லை, எடையும் குறைகிறது என்றால் அது உடனே பார்க்க வேண்டிய வகை. எந்த வயதானாலும் சரி. உங்களுடையது இரண்டு வருடமாக வந்து வந்து போகிறது, எடை நிற்கிறது. அதனால் கூகுள் காட்டுகிற கேன்சரை முதலிடத்தில் வைக்க வேண்டாம்.

'எண்டோஸ்கோபி நார்மல்' என்பதற்கு வருவோம். உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், நன்றாக விரிந்தால் 2 செ.மீ. அகலம். அது 13 மி.மீ.க்குக் கீழே சுருங்கிவிட்டால் இறைச்சியும் ரொட்டியும் நிற்கும் என்பது பழைய கணக்கு. நாங்கள் உள்ளே விடுகிற ஸ்கோப்பின் தடிமன் 9, 10 மி.மீ. தான். 12 மி.மீ.க்குச் சுருங்கிய குழாய்க்குள் அது எங்கும் இடிக்காமல் போய் வந்துவிடும், பார்க்கிறவருக்கு ஒன்றும் தோன்றாமலும் போகலாம். ஆகவே நார்மல் என்று எழுதியிருந்தால் கட்டியோ பெரிய புண்ணோ இல்லை என்று நிம்மதி அடையலாம். நோயே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்று கேள்வி. ஆஸ்துமா, தும்மல், தோலில் அரிப்புப் படை எதுவாவது உண்டா? அந்த எண்டோஸ்கோபியில் பயாப்சி, அதாவது சோதனைக்குச் சின்னச் சதைத்துண்டு, எடுத்தார்களா, எடுத்திருந்தால் எங்கிருந்து? உங்களோடு சாப்பிட உட்காருகிறவர்களைவிட நீங்கள் எவ்வளவு தாமதமாக எழுகிறீர்கள்?

வைகைக்கரை
மூன்றாவது கேள்வியைப் பார்த்துத் திகைத்துவிட்டேன் டாக்டர். ஆபீஸில் எல்லோரும் டப்பாவைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்த பிறகும் நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். வெளியே போனால் சிக்கன் வாங்க மாட்டேன், சாம்பார் சாதம்தான். பெரிய மாத்திரை என்றால் பாதியாக உடைத்துத்தான் போடுவேன், பான்டாப்ரசோலையும் அப்படித்தான்.

சின்ன வயதில் வீசிங் இருந்தது, பள்ளிக்கூடம் முடிகிற வரை இன்ஹேலர். இப்போது பனிக்காலத்தில் தும்மல் மட்டும். பயாப்சி வயிற்றிலிருந்து ஒன்று எடுத்து ஹெச். பைலோரி கிருமி இல்லை என்றார்கள். உணவுக்குழாயில் எடுத்ததாக ரிப்போர்ட்டில் இல்லை.

மருந்துக்கடை
ஒரு நிமிடம். பான்டாப்ரசோலை உடைத்தா போடுகிறீர்கள்? அதன் மேல் பூச்சு இரைப்பை அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய்ச் சேருவதற்காகப் போட்டது. உடைத்தால் மருந்து அமிலத்திலேயே வீணாகிவிடும். இவ்வளவு நாள் போட்டதில் எவ்வளவு வேலை செய்தது என்று சொல்லவே முடியாது. முழு மாத்திரை இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி, உள்ளே குருணை இருக்கிற கேப்ஸ்யூல் வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒமெப்ரசோல், எசோமெப்ரசோலில் அப்படிக் கிடைக்கிறது. திறந்து, குருணையை மெல்லாமல் தண்ணீரோடு விழுங்கிவிடலாம்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கவுண்டரில் அடிக்கடி பார்ப்பது. முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் வாங்குகிற காலேஜ் பிள்ளைகள். ராத்திரி படுக்கும்போது ஞாபகம் வரும், ஒரு வாய்த் தண்ணீரில், சில பேர் தண்ணீரே இல்லாமல், போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். கேப்ஸ்யூல் குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிடும். விடிந்தால் நெஞ்சுக்கு நடுவே கத்தி வைத்த மாதிரி வலி, எச்சில் விழுங்கினாலும் வலி. ஹார்ட் என்று பயந்து ஈசிஜி எடுக்க ஓடியவர்கள் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை, பொட்டாசியம் மாத்திரையும் இதைச் செய்யும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் ஆறிவிடும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், அப்புறம் அரை மணி நேரம் படுக்காமல் இருப்பது, அவ்வளவுதான். கவரில் எழுதிக் கொடுத்தாலும் யாரும் படிப்பதில்லை.

ஸ்கோப்பி
நன்றி மருந்துக்கடை, அந்த மாத்திரை விஷயத்தை நான் கவனிக்கவில்லை.

வைகைக்கரை, நீங்கள் சொன்னதை வைத்து நான் முதலில் சந்தேகப்படுவது இயோசினோபிலிக் ஈசோபேஜைட்டிஸ். சுருக்கமாக ஈஓஈ. ஒவ்வாமை வகை அழற்சி. இயோசினோபில் என்கிற வெள்ளணுக்கள் உணவுக்குழாயின் சுவரில் வந்து குவிகின்றன. அங்கே அவற்றுக்கு வேலையே இல்லை, ஆரோக்கியமான குழாயில் அவை இருக்கவே கூடாது. வருடக்கணக்கில் இப்படிக் கிடந்தால் சுவர் தடித்து, தழும்பாகி, விரியும் தன்மையை இழந்துவிடும். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். இருபது, முப்பதுகளில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். பாதிக்கு மேல் ஆஸ்துமா, தும்மல், படை என்று ஏதாவது ஒன்று கூடவே இருக்கும்.

இது தனி நோய் என்று மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டதே 1990களின் தொடக்கத்தில்தான். அதுவரை எல்லாமே அமிலத்தின் தலையில் போயிற்று. இன்றும் பல இடங்களில் அப்படித்தான்.

ஸ்கோப்பில் கவனமாகப் பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும், நீளவாக்கில் கோடுகள் ஓடும், வெள்ளைப் புள்ளிகள் இருக்கலாம். எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். அதனால் பார்வைக்கு நார்மலாக இருந்தாலும், சாப்பாடு நிற்கிறது என்று வந்தவருக்கு உணவுக்குழாயின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டிலிருந்தும் சேர்த்து 6 துண்டாவது எடுக்க வேண்டும். அணுக்கள் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், ஒரே துண்டு எடுத்தால் தவறிவிடும். நுண்ணோக்கியில் ஒரு பார்வைப்புலத்துக்கு 15 அல்லது அதற்கு மேல் இயோசினோபில் இருந்தால் அந்தத் திசையில் போவோம்.

மெதுவாகச் சாப்பிடுவது, அதிகம் மெல்வது, வாய்க்கு வாய் தண்ணீர், மாத்திரையைக் கண்டால் பயம், கறியைத் தவிர்ப்பது. இவற்றைக் கேட்காமல் 'சாப்பாடு இறங்குகிறதா' என்று மட்டும் கேட்டால், 'ம், இறங்குது டாக்டர்' என்றுதான் இந்த நோயாளிகள் சொல்வார்கள். பழகிவிட்டிருப்பார்கள்.

பக்கத்து பெஞ்ச்
ஈஸ்னோபீலியாவா? அது சளி, இருமலுக்குச் சொல்றதாச்சே. ரத்த டெஸ்ட்ல ஈஸ்னோபில் பார்த்து பூச்சி மாத்திரை கொடுத்தா முடிஞ்சுது.

ஸ்கோப்பி
அது ரத்தத்தில் கூடுவது. இது குழாயின் சுவரில் கூடுவது. ரத்தத்தில் நார்மலாக இருந்துகொண்டே சுவரில் நிறைந்திருக்கும், அதனால் ரத்தப் பரிசோதனையை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது. பூச்சி மாத்திரைக்கு இதில் வேலை இல்லை.

யாழ்-டொரன்டோ
இஞ்ச எனக்கு இதே வருத்தம்தான், 29 வயதில் கண்டுபிடிச்சவை. அதுக்கு முதல் பத்து வருசமாவது இருந்திருக்கும். அம்மா எப்பவும் 'ஆறுதலாச் சாப்பிடடா' எண்டுவா, நான் ஏற்கெனவே வீட்டில ஆறுதலாச் சாப்பிடுற ஆள். கடைசியில ஒரு பார்பிக்யூவில ஆட்டிறைச்சி இறுகி அவசரப் பிரிவுக்குப் போய் எடுப்பிச்சது. எடுத்த டாக்டர் அப்பவே துண்டும் வெட்டி அனுப்பினபடியால்தான் பிடிபட்டது.

வைகைக்கரை தம்பி, சிகிச்சை எப்படி எண்டு கேட்டால் மூன்று வழி சொல்லுவினம். அமிலம் குறைக்கிற மருந்தை ஒழுங்கான அளவில் எட்டு, பன்னிரண்டு கிழமை எடுக்கிறது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அதுவே போதும். எனக்குச் சரிவரேல்லை. அடுத்தது ஸ்டீராய்ட், ஆனால் உடம்பு முழுக்கப் போறது இல்லை, குழாயில் பூசுப்படுகிற மாதிரி. முதலில் எனக்கு நெபுலைசருக்குப் போடுகிற புடசோனைட் திரவத்தைத் தேனோடு கலந்து தடிப்பாக்கி விழுங்கச் சொன்னவை. குடிச்சு அரை மணித்தியாலம் தண்ணியும் குடிக்கக் கூடாது, பிறகு வாயைக் கொப்பளிக்க வேணும், இல்லாட்டி வாய்க்குள் வெள்ளையாப் பூஞ்சை பிடிக்கும். இப்ப வாயில் கரையிற குளிசை இருக்கு, அதுதான் எடுக்கிறன். மூன்றாவது சாப்பாட்டை நிறுத்திப் பார்க்கிறது. பால், கோதுமை, முட்டை, சோயா, கச்சான் (வேர்க்கடலை) மாதிரிக் கொட்டைகள், மீன்-றால் வகை. எனக்குப் பால்தான் குற்றவாளி. பாலை நிறுத்துறது எண்டால் தேத்தண்ணியை விட்டாப் போதும் எண்டு நினைச்சன். பிஸ்கட்டில, பாணில, சொக்லேட்டில எல்லாம் பால் மா. லேபல் வாசிச்சே கண் போயிட்டுது.

இது எதுக்கும் கேட்காத ஆக்களுக்கு டுபிலுமாப் எண்ட ஊசி இருக்கு. அமெரிக்காவில 2022இல் இந்த நோய்க்கு அனுமதிச்சவை. விலையைக் கேட்டால் அதுவும் விழுங்க ஏலாது.

தராசு
எதற்கெடுத்தாலும் வெளிநாட்டு நோயைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். ஈஓஈ எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வருவது. நம் ஊரில் அல்சர், டிபி, ரத்தசோகை இவற்றைப் பார்த்தால் போதும்.

ஸ்கோப்பி
பாதி சரி. இந்தியாவில் ஈஓஈ மேற்கு நாடுகளைவிடக் குறைவாகத்தான் பதிவாகிறது. ஆனால் துண்டு எடுக்காத இடத்தில் அது எப்படிப் பதிவாகும்? இந்தத் தம்பிக்கே எடுக்கவில்லையே.

மற்ற பாதியை ஒப்புக்கொள்கிறேன். நம் ஊரில் இளைஞர் ஒருவர் விழுங்க முடியவில்லை என்று வந்தால் வெளிநாட்டுப் புத்தகத்தில் கடைசி வரியில் இருப்பதையும் நாங்கள் யோசித்தாக வேண்டும். நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிற நெறிக்கட்டிகள் டிபியில் வீங்கி உணவுக்குழாயை வெளியிலிருந்து அழுத்தும், சில சமயம் சுவரையே அரித்துக்கொண்டு உள்ளே வரும். சாயங்காலக் காய்ச்சல், எடைக்குறைவு கூடவே இருந்தால் சி.டி. எடுத்துப் பார்ப்போம். மருந்தைச் சரியாக முடித்தால் குணமாகிவிடும், பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. பாக்கு, குட்கா பழக்கம் உள்ளவர்களுக்கு வாயே முழுசாகத் திறக்காமல் இறுகிப்போகும், காரம் பட்டால் எரியும். அங்கேயும் விழுங்குவது கஷ்டமாகும், அது புற்றுநோயாக மாறக்கூடியதும்கூட. நீண்ட நாள் நெஞ்செரிச்சலைக் கவனிக்காமல் விட்டுக் குழாய் தழும்பேறிச் சுருங்குவதும் உண்டு.

நைட் டூட்டி
ஒன்றை விட்டுவிட்டீர்கள் டாக்டர். அமிலம். கழிப்பறை கழுவுகிற ஆசிட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள், ராத்திரி இருட்டில் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள். மனவேதனையில் குடித்துவிட்டு வருகிற இளம்பிள்ளைகளும் உண்டு. உயிர் பிழைத்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சில வாரம் கழித்துத் தழும்பு சுருங்க ஆரம்பிக்கும், அப்போது சோறு நிற்கிறது என்று வருவார்கள். மறுபடி மறுபடி வந்து குழாயை விரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். எங்கள் அறையில் ஒரு பெண் ஒவ்வொரு முறையும் டிபன் பாக்ஸில் இட்லி கொண்டுவருவாள். விரித்த அன்று சாயங்காலம், டாக்டர் சரி என்று சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். ஆசிட்டை வேறு பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள் என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

திருப்பூர்க்காரி
எனக்கு 31. எனக்கு வந்தது வேறு, அக்கலேசியா, உணவுக்குழாயின் அடிப்பக்கம் திறக்காத நோய். இந்த இழையைப் படிக்கிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே சோறும் நிற்கும், தண்ணீரும் நிற்கும். ஐஸ் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். சாப்பிட்டு எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்தால் சடாரென்று ஒரு இறக்கம் தெரியும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ உடற்பயிற்சி மாதிரி இருக்கும். ராத்திரி படுத்தால் சாயங்காலம் சாப்பிட்டது புளிக்காமல் அப்படியே வாய்க்கு வரும். புளிக்காமல் என்பதைக் கவனியுங்கள், அது இரைப்பைக்குள் போகவே இல்லை. தலையணை நனைந்திருக்கும், புரையேறி இருமிக்கொண்டே எழுவேன். நெஞ்சுச் சளி என்று அதற்கு ஆன்டிபயாடிக் தனியாக ஓடியது.

உடம்பு பாதியாக இளைத்தது. சொந்தக்காரர்கள், 'கல்யாணத்துக்கு டயட்டா' என்றார்கள். வாந்தி எடுப்பதைப் பார்த்துவிட்டு மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர்தான், பாவம், உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டு, 'இது என் டிபார்ட்மென்ட் இல்லைம்மா, பேரியம் எடுத்தீங்களா' என்று கேட்ட முதல் ஆள்.

எண்டோஸ்கோபி எனக்கும் நார்மல்தான். பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்ததில், மேலே குழாய் வீங்கி, கீழே பறவை அலகு மாதிரிக் கூராக முடிந்தது. உணவுக்குழாயின் அடியில் ஒரு வால்வு மாதிரித் தசை இருக்கிறதாம், விழுங்கும்போது அது தளர வேண்டும். எனக்கு அதைத் தளர்த்துகிற நரம்பணுக்கள் செத்துவிட்டன. அப்புறம் மானோமெட்ரி, குழாய்க்குள் அழுத்தத்தை அளக்கிற சோதனை. மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கிப் படுக்க வைத்து, 5 மில்லி 5 மில்லியாகப் பத்து முறை தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்வார்கள். நடுவில் எச்சிலை விழுங்கக் கூடாது. அதுதான் கஷ்டம், வலி ஒன்றும் பெரிசாக இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். திரையில் வண்ண வண்ணமாகப் படம் வரும், அதை வைத்து எந்த வகை என்று பிரிப்பார்கள். என்னுடையது இரண்டாம் வகை.

போயம் என்ற சிகிச்சை செய்துகொண்டேன். வெளியே கத்தி படாது, ஸ்கோப் வழியாகவே உள்ளே சுவருக்குள் சுரங்கம் மாதிரிப் போய் அந்தத் தசையை வெட்டிவிடுவார்கள். ஜப்பானில் இனோவே என்ற டாக்டர் 2008இல் முதலில் செய்தது. பழைய முறை ஹெல்லர் ஆபரேஷன், 1913இலிருந்து இருக்கிறது, இப்போது லேப்ராஸ்கோபியில் செய்கிறார்கள். பலூன் வைத்து விரிப்பதும் உண்டு. செத்த நரம்பு எதிலும் திரும்பி வராது, வழியை மட்டும் திறந்துவிடுகிறார்கள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன். ஆனால் தடுக்கிற தசை போய்விட்டதால் அமிலம் மேலே வருகிறது, தினமும் மாத்திரை உண்டு. ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்துத்தான் படுக்கிறேன்.

இது ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவருக்கோ இரண்டு பேருக்கோ வருவது. எங்கள் ஊர் டாக்டர் பார்த்ததில்லை என்றால் அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாத்திரை கேட்கவில்லை என்றதும் டென்ஷன் என்று எழுதிவிடுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

டீச்சர்24
எனக்கு வேறு மாதிரி. தொண்டையில் நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ உருண்டை இருப்பது போலவே இருக்கிறது. எச்சிலை விழுங்க விழுங்க இன்னும் கூடுகிறது. ஆனால் சாப்பிடும்போது ஒன்றுமே தெரியாது, பிரியாணிகூட இறங்குகிறது. பரீட்சைத் தாள் திருத்துகிற சமயத்தில் அதிகம். எனக்கும் பயாப்சி வேண்டுமா?

ஸ்கோப்பி
சாப்பிடும்போது மறைந்துவிடுகிறது என்பதுதான் இதில் முக்கியம். இது விழுங்கும் கோளாறு இல்லை, குளோபஸ் என்போம். வலி இல்லை, சாப்பாடு நிற்கவில்லை, எடை குறையவில்லை என்றால் ஈஎன்டி டாக்டர் ஒருமுறை தொண்டையையும் கழுத்தையும் பார்த்துவிட்டால் போதும், தைராய்டு வீக்கத்தையும் அவரே தடவிப் பார்ப்பார். மனஅழுத்தம், அமிலம், அடிக்கடி தொண்டையைக் கனைப்பது எல்லாம் இதைக் கூட்டும். எச்சிலை விழுங்கி விழுங்கிச் சோதித்துப் பார்க்காதீர்கள், ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். குரல் மாறினாலோ, ஒரே பக்கம் காதோடு வலித்தாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ காத்திருக்க வேண்டாம்.

எல்லோருக்குமே ஒன்று: கழுத்தில் நிற்கிறது என்று நோயாளி காட்டுகிற இடத்தை நாங்கள் அப்படியே நம்புவதில்லை. அடைப்பு கீழே இருந்தும் கழுத்தில் உணர்வு தெரியும். நெஞ்சுக்குழியில் என்று காட்டினால் ஓரளவு நம்பலாம்.

கொங்குமாமி
என் தங்கைக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், வருடக்கணக்கில் ரத்தசோகை. வாயோரம் வெடிப்பு, நாக்கு வழவழவென்று, நகம் கரண்டி மாதிரிக் குழிந்துவிட்டது. கழுத்து மட்டத்தில் சோறு நிற்கிறது என்பாள், சின்னச் சின்ன உருண்டையாகத்தான் விழுங்குவாள். பிளம்மர்-வின்சன் என்றார்கள். குழாயின் மேல்முனையில் மெல்லிய ஜவ்வு. ஸ்கோப் உள்ளே போகும்போதே அது கிழிந்துவிட்டது, இரும்புச்சத்து ஊசி போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். வருடா வருடம் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், அந்த இடத்தில் பின்னால் புற்று வர வாய்ப்பு உண்டாம்.

பேச்சுப்பயிற்சி
விழுங்கும் சிகிச்சையும் எங்கள் வேலைதான் என்பது பலருக்குத் தெரியாது. விழுங்க ஆரம்பிக்கவே முடியவில்லை, தண்ணீர் மூக்கு வழியாக வருகிறது, குடித்ததும் இருமல், பேச்சு மூக்கால் ஒலிக்கிறது என்றால் பிரச்சினை தொண்டையில், கேஸ்ட்ரோவுக்கு முன் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். காலையில் சரியாக இருந்து, சாயங்காலம் ஆக ஆக மெல்லவே தாடை சோர்ந்து, கண் இமையும் தொங்கினால் மியஸ்தீனியா என்கிற தசைச்சோர்வு நோயாக இருக்கலாம். இளம்பெண்களுக்கு அதிகம் வரும். மருந்து உண்டு.

வைகைக்கரை
இடையில் வராததற்கு மன்னிக்கவும். வேறு கேஸ்ட்ரோ டாக்டரிடம் போனேன். உடைத்துப் போட்ட மாத்திரை முதல் வீசிங் வரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். படித்துவிட்டு அவரே, 'துண்டு எடுத்துப் பார்த்துடலாம்' என்றார். இந்த முறை வளையங்கள் தெரிந்தன. மேலே மூன்று, கீழே மூன்று என்று எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் பார்வைப்புலத்துக்கு 40க்கு மேல் என்று இருக்கிறது. ஈஓஈதான்.

இப்போதைக்குக் குருணை கேப்ஸ்யூல் இரண்டு வேளை, எட்டு வாரம். அப்புறம் மறுபடி ஸ்கோப். அம்மா பாலை நிறுத்தவா, கோதுமையை நிறுத்தவா என்று இன்றே ஆரம்பிக்கத் தயாராக இருக்கிறார். சித்தப்பா அலர்ஜி டெஸ்ட் எடுத்தால் எது என்று தெரிந்துவிடும் என்கிறார். அதை எடுக்கலாமா?

ஸ்கோப்பி
தோலில் குத்திப் பார்க்கிற டெஸ்ட், ரத்த டெஸ்ட் இரண்டுமே ஈஓஈயில் எந்த உணவு காரணம் என்று நம்பகமாகச் சொல்லாது. காசு கொடுத்தால் நீளமான பட்டியல் வரும், அதைப் பார்த்துப் பாதிச் சாப்பாட்டை நிறுத்திவிடுவீர்கள். மருந்தையும் பத்தியத்தையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் எது கேட்டது என்று யாருக்கும் தெரியாது. எட்டு வாரம் மருந்து மட்டும். ஸ்கோப்பில் குறையவில்லை என்றால் அடுத்து பாலிலிருந்து தொடங்கலாம், அப்போது தயிர், மோர், பன்னீர் எல்லாம் சேர்த்துத்தான். நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், இது நிறுத்தினால் திரும்ப வருகிற நோய். மருந்துக்குப் பிறகும் குழாய் குறுகலாகவே இருந்தால் மெதுவாக விரித்துவிடுவார்கள். அதன்பின் ஒரு நாள், இரண்டு நாள் நெஞ்சு வலிக்கும், அவ்வளவுதான்.

வைகைக்கரை
சரி டாக்டர். அம்மாவிடம் காட்டிவிட்டேன், தயிர் தப்பித்தது. கடைசியாக ஒன்று, அடுத்த மாதம் அக்கா பையனுக்குக் காதுகுத்து, கிடாவிருந்து. எட்டு வாரம் முடிந்திருக்காது. கறியைத் தொடவே கூடாதா?

நைட் டூட்டி
டாக்டருக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். கொத்துக்கறியாகக் கேட்டு வாங்குங்கள், குழம்பு நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள். எலும்பைக் கடித்து இழுக்கிற வேலை வேண்டாம். பரோட்டா என்றால் சால்னாவில் நன்றாக ஊறின பிறகு. கடைசிப் பந்தியில் உட்காருங்கள், இலையை எடுக்க யாரும் வந்து நிற்க மாட்டார்கள். அந்த ஊரில் எண்டோஸ்கோபி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று கிளம்புமுன் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.